பட்டறைக்கு ஒரு ஷீட் வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வியாபாரம் செய்கிறவர்களின் எக்செல் ஃபைலைத் திறந்தால் அடியில் ஷீட் பெயர்கள் ரயில் பெட்டி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். பனங்காடு ஒன்று, சிவதாபுரம் ஒன்று, பள்ளப்பட்டி பெரியவர், பள்ளப்பட்டி சின்னவர் என்று வெள்ளி கொடுத்துக் கொலுசு வாங்கும் பட்டறை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீட். நோட்டில் ஆளுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி எழுதிப் பழகிய கை, கம்ப்யூட்டருக்கு வந்ததும் பக்கத்துக்குப் பதில் ஷீட் போட்டுவிட்டது, அவ்வளவுதான். ஒரு பட்டறைக்காரர் போன் போட்டு "தம்பி, நம்ம கணக்கு எவ்வளவு நிக்குது?" என்று கேட்டால் அவர் ஷீட்டைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம், அந்த மட்டும் வசதிதான்.

ஆனால் கேள்வி எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து வராது. முதலாளி வந்து நின்று "போன வாரம் யார் யார் சரக்கு கொடுத்தாங்க, யார் கொடுக்கல?" என்று கேட்பார். ஆடிட்டர் ஒரு வவுச்சர் எண்ணைச் சொல்லி அது யாருடையது என்பார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நெருங்கும்போது எல்லாப் பட்டறைக்கும் ஒரே சமயத்தில் கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். அப்போது ஷீட் ஷீட்டாகத் திறந்து மூடி, காப்பி பேஸ்ட் செய்து, ஏதாவது ஒன்றை விட்டுவிடாமல் இருந்தால் அது நம் சாமர்த்தியம் அல்ல, அம்மன் அருள்.

என் கருத்து இதுதான்: எழுதுவது எல்லாம் ஒரே நீள ஷீட்டில் இருக்க வேண்டும், ஒரு கொடுக்கல் அல்லது வாங்கல் என்றால் ஒரு வரி, அதற்குமேல் எந்த அலங்காரமும் கிடையாது. பட்டறை வாரியாக, தேதி வாரியாக, வவுச்சர் வாரியாகப் பார்க்கும் பக்கங்களை ஃபார்முலா தயாரித்துத் தர வேண்டும், நாம் தட்டச்சு செய்யக் கூடாது. இப்படிச் செய்தால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதும் வேலையே இருக்காது.

நான் வைத்திருக்கும் அமைப்பு: "பதிவு" என்று ஒரு ஷீட். ஏ காலத்தில் (காலம் என்றால் மேலிருந்து கீழே போகும் பத்தி) தேதி, பி காலத்தில் பட்டறைக் குறி, சி காலத்தில் "கொடுத்தது" அல்லது "வாங்கியது", டி காலத்தில் எடை கிராமில், இ காலத்தில் டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு), எஃப் காலத்தில் சுத்த வெள்ளி, ஜி காலத்தில் வவுச்சர் எண். எஃப் மட்டும் ஃபார்முலா, எடையை டச்சால் பெருக்கி 100-ஆல் வகுத்தது. 1,150 கிராம் கொலுசு 80 டச்சில் வந்தால் சுத்த வெள்ளி 920 கிராம். இந்தக் காலம் இல்லாமல் வெறும் எடையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் கொடுத்ததைவிட வாங்கியது அதிகம் என்று ஷீட் சொல்லும், நாமும் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்போம்.

(கீழே ஃபார்முலாக்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஷீட்டில் அடிக்கும்போது ஃபங்ஷன் பெயரையும் கட்ட எழுத்துகளையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், அது தெரிந்த விஷயம்.)

ஃபார்முலா என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது வீலுக்கப்பிடம், அதாவது ஒன்றைத் தேடி அதே வரியில் இருக்கும் விவரத்தைக் கொண்டுவரும் ஃபங்ஷனிடம். அதைக் குறை சொல்லவில்லை, அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. "பட்டறை" என்று இன்னொரு சின்ன ஷீட்டில் குறி, பெயர், ஊர், போன் நம்பர் என்று பட்டறைக்கு ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன். குறியைக் கொடுத்தால் பெயரைக் கொண்டுவர

=வீலுக்கப்(பி2, பட்டறை!ஏ:டி, 2, ஃபால்ஸ்)

போதும். ஒரு குறிக்கு ஒரே பதில் இருக்கிற இடம் அது. பதிவு ஷீட்டில் அதே வேலையைச் செய்யச் சொன்னால், பனங்காட்டுக்காரருக்கு நாற்பது வரி இருந்தாலும் முதல் வரியை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். பிழை என்றும் சொல்லாது. முதலில் பொருந்துவதோடு நின்றுவிடுவது அதன் பிறவிக் குணம், அதை மாற்ற முடியாது.

அதோடு இன்னும் இரண்டு தொல்லை. தேடும் காலம் கொடுத்த பரப்பின் இடது ஓரத்தில்தான் இருக்க வேண்டும், அதனால் வவுச்சர் எண்ணை வைத்து அதற்கு இடப்பக்கம் இருக்கும் பட்டறைக் குறியைக் கேட்டால் முடியாது. அப்புறம் அந்த "2" என்ற எண். நடுவில் யாராவது ஒரு காலத்தைச் செருகினால் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வரும், ஃபார்முலாவுக்கு அது தெரியாது. இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் ரொம்ப காலமாக இன்டெக்ஸையும் மேட்சையும் ஜோடி சேர்த்துப் பயன்படுத்தினார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த எக்ஸ்லுக்கப் இந்த இரண்டு தொல்லையையும் தீர்த்துவிட்டது: தேடும் காலம் தனி, கொண்டுவரும் காலம் தனி, எது எந்தப் பக்கம் இருந்தாலும் கவலை இல்லை, சரியாகப் பொருந்துவதை மட்டும் தேடுவதுதான் அதன் வழக்கம், தனியாக ஃபால்ஸ் போட வேண்டாம்.

எக்ஸ்லுக்கப்பில் எனக்குப் பிடித்தது கடைசியில் இருக்கும் ஆறாவது இடம். அங்கே -1 போட்டால் கீழிருந்து மேலே தேடும். பதிவு தேதி வரிசையில் போய்க்கொண்டிருந்தால், கீழிருந்து தேடியதும் முதலில் அகப்படுவது அந்தப் பட்டறையின் கடைசிப் பதிவு.

=எக்ஸ்லுக்கப்(பி1, பதிவு!பி2:பி5000, பதிவு!ஏ2:ஏ5000, "இல்லை", 0, -1)

பி1-இல் இருப்பது பட்டறைக் குறி, வரும் பதில் அதன் கடைசித் தேதி. இது ஒன்றை வைத்தே "யார் ரொம்ப நாளாகத் தலை காட்டவில்லை" என்ற பட்டியல் தயார். முதலாளிக்கு இதைப் போட்டுக் காட்டியதிலிருந்து காலையில் டீ வருவதற்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறார்.

ஆனால் பொருந்துகிற எல்லா வரியும் வேண்டும் என்றால் அதற்கு ஃபில்டர்தான். ரிப்பனில் இருக்கும் புனல் பட்டனைச் சொல்லவில்லை, அதே பெயரில் இருக்கும் ஃபங்ஷனைச் சொல்கிறேன். "பார்வை" என்று ஒரு ஷீட் போட்டு பி1 கட்டத்தில் பட்டறைக் குறியை எழுதிவிட்டு, ஏ5-இல்

=ஃபில்டர்(பதிவு!ஏ2:ஜி5000, பதிவு!பி2:பி5000=பி1, "பதிவு இல்லை")

என்று ஒரே ஒரு கட்டத்தில் அடித்தால் போதும். நாற்பது வரி இருந்தால் நாற்பதும் கீழே வழிந்து இறங்கும். பி1-ஐ மாற்றினால் அடுத்த பட்டறையின் பக்கம். இத்தனை காலம் தனித்தனி ஷீட்டாக வைத்திருந்தது எல்லாம் இந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

தேதியும் சேர்க்க வேண்டுமா? நிபந்தனைகளை அடைப்புக்குள் போட்டு ஒன்றோடு ஒன்று பெருக்க வேண்டும்:

=ஃபில்டர்(பதிவு!ஏ2:ஜி5000, (பதிவு!பி2:பி5000=பி1)*(பதிவு!ஏ2:ஏ5000>=பி2)*(பதிவு!ஏ2:ஏ5000<=பி3), "பதிவு இல்லை")

ஏன் பெருக்கல் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்கிறது, கணக்கில் ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. மூன்றையும் பெருக்கினால் எல்லாம் ஆம் என்ற வரியில்தான் 1 வரும், ஒன்று சறுக்கினாலும் 0. இதுவோ அதுவோ இருந்தால் போதும் என்ற கேள்விக்குக் கூட்டல். பனங்காடும் சிவதாபுரமும் சேர்ந்து வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் கூட்டல் குறி. இந்த இடம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் நீங்களே எழுதிவிடுவீர்கள். ஒரு சொல்லின் பகுதியை வைத்துத் தேட மட்டும் நட்சத்திரக் குறி ஃபில்டரில் வேலை செய்யாது, சர்ச் ஃபங்ஷனை இஸ்நம்பருக்குள் போட்டு நிபந்தனையாக வைக்க வேண்டும்.

ஃபில்டரைப் போட்டதும் வரும் புகார்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45658 மாதிரி ஒரு எண் நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது, 45658 என்றால் 2025 ஜனவரி 1. ஃபார்முலா மதிப்பை மட்டும் கொண்டுவரும், தேதி வடிவத்தைக் கூடவே கொண்டுவராது, அந்தக் காலத்துக்கு நாமே தேதி வடிவம் கொடுத்துவிட வேண்டும். பதிவில் காலியாக விட்ட கட்டம் இங்கே 0 என்று வரும், அதுவும் இதே கதைதான். வழிந்து இறங்கும் பாதையில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் "ஸ்பில்" என்று பிழை காட்டி நின்றுவிடும், அந்தப் புள்ளியை அழித்தால் சரி. பார்வைப் பக்கத்தை அழகாக இருக்கட்டும் என்று டேபிளாக மாற்றினாலும் இதே பிழைதான், டேபிளுக்குள் ஃபில்டரை வழிய விட முடியாது. டேபிள் வேண்டுமென்றால் பதிவு ஷீட்டில் போடுங்கள், அங்கே உண்மையிலேயே நல்லது, புது வரி சேரச் சேர பரப்பு தானே நீளும், 5000 என்று கை வைத்து எழுத வேண்டாம்.

இதையெல்லாம்விட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. பார்வைப் பக்கத்தில் வந்த வரிக்குப் பக்கத்தில் எச் காலத்தில் "கூலி கொடுத்தாச்சு" என்று யாராவது குறித்து வைப்பார்கள். அடுத்த நாள் பதிவை யாரோ வேறு வரிசையில் அடுக்கினாலோ நடுவில் ஒரு வரி சேர்ந்தாலோ ஃபில்டர் கொண்டுவந்த வரிகள் நகரும், கையால் எழுதிய குறிப்பு நகராது. கூலி வாங்காதவருக்கு நேராக "கொடுத்தாச்சு" என்று நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, சண்டைதான் வரும். குறிப்பு எழுத வேண்டுமா, பதிவு ஷீட்டில் ஒரு காலம் சேர்த்து அங்கே எழுதுங்கள். பார்வைப் பக்கம் பார்க்க மட்டும்.

இனி, தேடியும் கிடைக்கவில்லை என்று ஃபார்முலாவைத் திட்டுகிறவர்களுக்கு. நான் பார்த்தவரை பத்தில் எட்டு இடத்தில் ஃபார்முலா ஒழுங்காக இருக்கும், பெயர்தான் ஒழுங்காக இருக்காது. நம் ஊரில் இன்ஷியல் ஒரு பெரிய வில்லங்கம். மணி என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுதுகிறவர் கே.மணி என்று புள்ளி வைப்பார், மதியம் உட்காருகிறவர் கே மணி என்று இடம் விடுவார், மூன்றாவது ஆள் மணி கே என்பார், பழைய ஆள் யாராவது இருந்தால் பனங்காடு மணி என்று ஊரை முன்னால் போடுவார். நமக்கு எல்லாம் ஒரே மனுஷன், எக்செல்லுக்கு நாலு பேர். பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தால் ஐந்தாவது ஆள், அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. லென் ஃபங்ஷனில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தால்தான் மாட்டும்.

டிரிம் போட்டால் முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸ் போய்விடும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் வேறு ஒரு வகை ஸ்பேஸ் ஒளிந்திருக்கும், அதன் எண் 160, டிரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் போட்டு அதைச் சாதா ஸ்பேஸாக மாற்றிய பிறகு டிரிம் போட வேண்டும். வவுச்சர் எண்ணிலும் இப்படி ஒன்று உண்டு, வேறு மென்பொருளிலிருந்து வந்த 1047 எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கும், கட்டத்தின் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் தெரியும், எண் 1047-ஐத் தேடினால் அகப்படாது.

பழைய ஃபைல்களில் தமிழ்ப் பெயர் இருந்தால் இன்னொரு கூத்து. டிடிபி பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். திரையில் மணி என்று தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிகோடில் அடித்த மணியோடு அது எந்தக் காலத்திலும் பொருந்தாது. எழுத்துருவை மாற்றுவதால் பயனில்லை, பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தேதியிலும் இதே மாதிரி. நாம் 05.04.2025 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்து என்று கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். தேதி நிபந்தனை போட்ட ஃபில்டர் அந்த வரியைத் தவறவிட்டுவிடும். சாய்கோடோ சிறு கோடோ போட்டு அடிக்கப் பழக வேண்டும், வலப்பக்கம் ஒதுங்கினால் தேதியாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் இருப்பது. அதனால்தான் பெயருக்குப் பதில் குறி என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். பதிவின் பி காலத்தில் டேட்டா வேலிடேஷன் போட்டு, பட்டறை ஷீட்டில் உள்ள குறிகளை மட்டும் கீழிறங்கும் பட்டியலாக வைத்துவிட்டால் யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். முதல் வாரம் "இது என்னங்க, பேரு போடக்கூட விட மாட்டேங்குது" என்று புலம்புவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஒட்டினால் மட்டும் இந்தக் காவல் வேலை செய்யாது, காப்பி செய்து ஒட்டிய கட்டம் வேலிடேஷனையும் சேர்த்து அழித்துவிடும், அதையும் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரி, எங்கள் கடையில் எக்செல் 2016 என்கிறீர்களா? 2016-லும் 2019-லும் ஃபில்டர் ஃபங்ஷன் இல்லை. எக்செல் 2021 அல்லது அதற்குப் பிந்தையது, இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் 365 வேண்டும். காசு கொடுக்காமல் வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸில் ஃபில்டர் ரொம்ப காலமாக இருக்கிறது, லிப்ரே ஆஃபிஸில் 2024-இல் வந்த 24.8 பதிப்பிலிருந்து ஃபில்டரும் எக்ஸ்லுக்கப்பும் இருக்கின்றன. கூகுளில் எழுதும் முறை கொஞ்சம் வேறு, நிபந்தனைகளைப் பெருக்காமல் கமா போட்டு அடுக்கலாம், "பதிவு இல்லை" என்ற மூன்றாவது இடம் அங்கே கிடையாது, அதற்கு இஃப்என்ஏ-வை வெளியே சுற்ற வேண்டும்.

பழைய எக்செல்லிலேயே ஓட்ட வேண்டும் என்றால் அக்ரிகேட் போட்டு ஒரு முழ நீளத்துக்கு ஃபார்முலா எழுதுவார்கள், வேலை செய்யும், ஆனால் எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. எனக்குப் பிடித்தது துணைக் காலம். பதிவு ஷீட்டில் எச்2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

=பி2&"-"&கவுண்ட்இஃப்(பி$2:பி2, பி2)

அந்தக் குறி இதுவரை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணி அதன் வாலில் ஒட்டுகிறது. பனங்காட்டின் குறி பிகே என்றால் அதன் வரிகள் பிகே-1, பிகே-2, பிகே-3 என்று வரிசையாகப் பெயர் பெறும். இப்போது ஒரு பெயருக்கு ஒரு வரிதான், பழைய முறையே போதும். பார்வைப் பக்கத்தில் ஏ காலத்தில் 1, 2, 3 என்று எழுதிவிட்டு ஐந்தாம் வரியில் தேதிக்கு

=இஃப்எரர்(இன்டெக்ஸ்(பதிவு!ஏ$2:ஏ$5000, மேட்ச்($பி$1&"-"&$ஏ5, பதிவு!$எச்$2:$எச்$5000, 0)), "")

என்று போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் ஃபில்டர் தரும் அதே பக்கம். டாலர் குறிகளை நான் வைத்த இடத்திலேயே வையுங்கள், ஏ-க்கு முன்னால் டாலர் போட்டால் வலப்பக்கம் இழுக்கும்போது எல்லாக் காலத்திலும் தேதியே வரும். ஒரே குறை, கவுண்ட்இஃப் ஒவ்வொரு வரியிலும் மேலிருந்து எண்ணுவதால் 5,000 வரிக்குச் சுமார் ஒன்றேகால் கோடி ஒப்பீடு ஆகிறது, பழைய கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் யோசிக்கும். வருஷத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துக்கொண்டால் தாங்கும்.

வீலுக்கப்பின் கடைசி இடத்தில் ஃபால்ஸ் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. விட்டால் அது ட்ரூ என்று எடுத்துக்கொண்டு தோராயமாகப் பொருத்தும். பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பி நடுவில் குதித்துப் பாதி பாதியாகத் தள்ளித் தேடும், வரிசை கலைந்திருந்தால் தப்பான பதிலை முகம் மாறாமல் கொடுக்கும். ஆனாலும் இதற்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது, ஜோடி எடையை வைத்துக் கூலி போடும் இடத்தில். 0, 50, 100, 200 என்று எடை எல்லைகளை ஏறுவரிசையில் எழுதி நேராகக் கூலியை வைத்தால், 135 கிராமைக் கேட்டதும் 100-க்கு நேரான கூலியைத் தானே எடுத்துக்கொள்ளும். இஃப்-க்குள் இஃப் போட்டு அடைப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

பாக்கி எவ்வளவு நிற்கிறது என்பதற்கு இந்தத் தேடல் எதுவும் தேவையே இல்லை, சம்இஃப்ஸ் இரண்டு போதும்: அந்தக் குறிக்குக் "கொடுத்தது" என்ற வரிகளின் எஃப் காலக் கூட்டலிலிருந்து "வாங்கியது" கூட்டலைக் கழிக்க வேண்டும். பார்வைப் பக்கத்தின் தலையில், பி1-க்குப் பக்கத்திலேயே இதை வைத்திருக்கிறேன். பேசி முடித்த சேதாரத்தைக் கழிப்பது தனி வரியாகப் பதிவிலேயே ஏற வேண்டும், "வாங்கியது" என்று போட்டு வவுச்சர் இடத்தில் சேதாரம் என்று எழுதினால் போதும், பட்டறைக்காரருக்கு அச்செடுத்துக் கொடுக்கும்போது எது எங்கே கழிந்தது என்று அவரே விரல் வைத்துப் பார்த்துக்கொள்வார்.